உங்களுக்குக் கூடுதல் செலவில்லை

மலையடுப்பு ஒன்றைப் பற்றி எழுதினேன்.
போஹின் ஏரிக்கு மேலே, பனியில் மண்டியிட்டு,
ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க
எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பிடித்து எழுதினேன்.
நாலேகால் நிமிடம்.
காற்றடித்தால் ஆறு. அதையும் மறைக்கவில்லை.
அடியில் வழக்கமான வாக்கியம்:
இந்த இணைப்பின் வழியாக நீங்கள் வாங்கினால்
எனக்கொரு சிறு தொகை வரும்,
உங்களுக்குக் கூடுதல் செலவில்லை.

தரகு என்று சொல்லிவிட்டுப் போயேன் என்கிறான் கோராஸ்த்,
மரிபோர் ரயிலடியில் டாக்சி ஓட்டும் என் அண்ணன்.
விடுதிக்காரர் அவனுக்குத் தருவது தலைக்கு இரண்டு யூரோ.
"நான் ஆளைக் கதவில் இறக்கிவிடுகிறேன்.
முகம் பார்க்காதவரை நீ எங்கே இறக்குகிறாய்?"

அடுப்பை யாரும் வாங்குவதில்லை.
என் வழியாக உள்ளே போனவர்
ஒரு நாளுக்குள் எதைக் கையில் எடுத்தாலும்
என் கணக்கில் ஒரு சொட்டு விழும்.
பெயர் வராது, ஊர் வராது.
பொருளும் நேரமும் மட்டும்.
நாய்க்குப் பற்பசை.
இடக்கைக்காரர் கத்தரிக்கோல்.
ஒரே இரவில் பதினோரு அலாரக் கடிகாரம்.
யாரப்பா நீ, எதற்குத் தூங்கிப்போனாய்?

நவம்பரில், விடிகாலை இரண்டு நாற்பதுக்கு,
தொட்டில்,
வாத்து போட்ட விரிப்பு,
காளான் வடிவில் ஒரு விடிவிளக்கு.
மூன்று யூரோ தொண்ணூறு சென்ட்.
அன்று ரொட்டிக்கு வெண்ணெய் கொஞ்சம் தடிமனாகவே தடவினேன்.

மூன்று வாரம் கழித்து
தொட்டிலுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.
விரிப்புக்கு முன்னாலும்.
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு,
காலியாக இருந்தது.
அறைக்குள் அடங்காமல் போயிருக்கலாம்.
நிறம் பிடிக்காமல் இருக்கலாம்.
மாமியார் வேறொன்று வாங்கி வந்திருக்கலாம்.
இருக்கலாம்.
விளக்கு மட்டும் திரும்பவில்லை.
அதற்கான நாற்பத்தோரு சென்ட்
என் கணக்கில் இன்னும் எரிகிறது.

அது எப்படித்தான் இருக்கும் என்று போய்ப் பார்த்தேன்.
பால் வெள்ளை. தலையில் தட்டினால் எரியுமாம்.
பார்த்தது ஒரே முறை.
மறுநாள் வானிலைக்குள் நுழைந்தால் காளான்.
பேருந்து நேரத்துக்குப் பக்கத்தில் காளான்.
பனிச்சறுக்குப் பந்தய முடிவுகளுக்கு நடுவே
பத்து சதவீதத் தள்ளுபடியோடு,
மழை விட்ட காடு மாதிரி.

அப்புறம்தான் உறைத்தது.
எட்டிப் பார்த்த எனக்கே இப்படி என்றால்
இரண்டு நாற்பதுக்கு விழித்திருந்தவரின் பின்னால்
தொட்டில்கள் நடந்துகொண்டிருக்கும்,
நான்கு கால்களோடு, சக்கரங்களோடு,
சூப் செய்முறைக்குள்,
பல் மருத்துவர் முகவரிக்குள்,
ஒருவேளை
என் பனிக்கும் என் அடுப்புக்கும் நடுவே
திலென் அளந்து வைத்துத் தந்த
அந்தச் சதுரத்துக்குள்ளும்.

விளம்பரங்களுக்கான அமைப்பைத் திறந்தேன்.
தடுக்கக்கூடியவை என்று நீளமாய் ஒரு பட்டியல்.
சூதாட்டம், அவசரக் கடன், தொப்பை குறைக்கும் மாத்திரை
எப்போதோ தடுத்தாயிற்று.
கீழே, தோட்டக் கருவிகளுக்கும் நகைக்கும் இடையே,
மகப்பேறும் குழந்தையும்.
தொட்டேன்.
மாதம் ஏழு யூரோ குறையும் என்றது மஞ்சள் எழுத்து.
நிச்சயமா என்றது.
இன்னொரு முறையும் கேட்டது.

உன் சன்னலை நீ சாத்தி என்ன,
தெரு முழுக்கக் கடைதானே என்றான் திலென்.
வாஸ்தவம்தான்.

பிறகு அடியில் இருக்கும் வாக்கியத்துக்கு வந்தேன்.
பின்பாதியை அழித்தேன்.
வேறெதை வைப்பது என்று ஞாயிறு முழுக்க யோசித்தேன்,
இடையில் ஒரு நடை போய் திராவா ஆற்றைப் பார்த்தேன்.
ஒன்றும் வரவில்லை.
காற்றடித்தால் ஆறு நிமிடம்.
அதற்குக் கீழே
எனக்கொரு சிறு தொகை வரும்,
என்று காற்புள்ளியோடு நிற்கிறது.